எலிக்கு மருந்து, அறைக்கு எத்தனை டிகிரி?

குளோர்ப்ரோமசின் என்ற மனநோய் மருந்தை ஒரே அளவில் இரண்டு சுண்டெலிகளுக்குப் போட்டு, ஒன்றைக் குளிர்ந்த அறையிலும் மற்றதைப் புழுங்கும் அறையிலும் விட்டால், முதலாவதன் உடல் சில்லிட்டுவிடும். இரண்டாவதன் உடல் வெப்பம் ஏறத் தொடங்கும். மருந்து சூட்டைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? இரண்டும் இல்லை. வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் திறனைப் பறித்துவிடுகிறது. பிறகு அறை இழுத்த இழுப்புக்கு உடல் போகிறது.

சுண்டெலியின் எடை 20, 30 கிராம். எடைக்குத் தோல் பரப்பு மிக அதிகம் என்பதால் உண்டாகும் சூடு நிற்பதே இல்லை. நாம் மின்விசிறியைத் தேடும் 30 டிகிரி செல்சியஸ்தான் அதற்கு இதம். ஆய்வகங்களிலோ பெரும்பாலும் 20 முதல் 24 டிகிரி: கோட்டு மாட்டிய ஆய்வாளருக்குச் சுகம், எலிக்குக் குளிர். உடலை 37 டிகிரியை ஒட்டி வைத்திருக்க அது நடுங்குகிறது, தோள்பட்டைகளுக்கு இடையே உள்ள பழுப்புக் கொழுப்பை எரிக்கிறது. 30 டிகிரியில் இழுப்பதைவிட ஒன்றரை மடங்கு, சில சமயம் அதற்கும் மேல், ஆக்சிஜன் இழுக்கிறது.

இந்த நிலையில் மருந்து போட்டால் நடுக்கம் அடங்கும். தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து சூடு வெளியேறும். உடல் குளிரக் குளிர, செல்களுக்குள் நடக்கும் வேதிவினைகளும் மந்தமாகும். 10 டிகிரி இறங்கினால் வேகம் ஏறக்குறைய பாதி. ஆக்சிஜன் செலவு சரிந்ததும் ‘மருந்து வளர்சிதை மாற்றத்தைக் குறைக்கிறது’ என்று எழுதிவிடலாம். ஆனால் அதில் மருந்தின் பங்கு எவ்வளவு, குளிரின் பங்கு எவ்வளவு? எலியை வெதுவெதுப்பாக வைத்து மறுபடி அளந்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். மருந்தளவை மில்லிகிராம் சுத்தமாகக் குறித்துவிட்டு அறை வெப்பத்தைச் சொல்லாத ஆய்வை நான் பாதி ஆய்வு என்றே சொல்வேன்.

பிரான்சில் 1950-இல் உருவான குளோர்ப்ரோமசினை, அறுவை மருத்துவர் ஆன்றி லாபோரி விரும்பியதே உடலைக் குளிரவிடும் இந்தக் குணத்துக்காகத்தான். நோயாளியைக் குளிர்வித்து, உடலின் தேவையைக் குறைத்து, அறுவையின் அதிர்ச்சியைத் தாங்கவைப்பது அவர் எண்ணம். மனநோய்க்கான மருந்தாக அது பெயரெடுத்தது 1952-இல், பாரிஸின் சேன்ட் ஆன் மருத்துவமனையில்.

வெயிலில் கதை தலைகீழ். எலிக்கு நம்மைப்போல் உடம்பெங்கும் வியர்க்காது. எச்சிலை ரோமத்தில் பூசி ஆற்றிக்கொள்ளும். மருந்தில் துவண்டு கிடக்கும் எலி அதைக்கூடச் செய்வதில்லை. மனிதருக்கு இதே மருந்து வியர்வையையும் குறைக்கும். அதனால்தான் வெப்ப அலை வீசும் நாட்களில், இத்தகைய மாத்திரை சாப்பிடுவோரை மருத்துவர்கள் தனியாகக் கவனிக்கச் சொல்கிறார்கள்.