டெக்சாஸுக்குப் பெட்டி கட்டும் முன்

"கலிஃபோர்னியா இனி நமக்குக் கட்டாது" என்று சொல்லி டெக்சாஸுக்குக் கிளம்பும் தமிழ்க் குடும்பங்கள் குறைந்தபாடில்லை. ஃப்ரிமாண்ட், சன்னிவேல், சான் ஹோசே பக்கமிருந்து ஃப்ரிஸ்கோ, பிளேனோ, ஆஸ்டினுக்கு. போவதில் தப்பே இல்லை. வாடகை கொடுத்து மாளாதவர்கள் வேறென்ன செய்வார்கள்? கிளம்புகிற விதம்தான் எரிச்சல் மூட்டுகிறது. இணையத்தில் வீட்டு விலையைப் பார்க்கிறார்கள். அங்கே வருமான வரியே இல்லை என்று வாட்ஸாப் குழுவில் யாரோ சொல்கிறார்கள். மறு மாதம் வாசலில் லாரி நிற்கிறது. ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து அரசாங்கக் கடிதம் ஒன்று வரும்போதுதான் நாலு பேருக்கு ஃபோன் போடுகிறார்கள்.

முதலில் கணக்கு. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, உண்மைதான். 2019ல் அரசியல் சட்டத் திருத்தமே கொண்டுவந்து தனிநபர் வருமான வரிக்குத் தடை போட்டுவிட்டார்கள். ஆனால் பள்ளிக்கூடம் நடத்தப் பணம் வேண்டுமே? அதை வீட்டு வரியில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆண்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் டாலர் சம்பாதிக்கும் தம்பதி, ஒரு குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவுக்கு அவர்கள் கட்டும் வருமான வரி சுமார் 8 ஆயிரம் டாலர். டெக்சாஸில் 6 லட்சம் டாலருக்கு வீடு வாங்கி, வரி விகிதம் 2.2 சதவீதமாக இருந்தால், சலுகைக்கு முன் வீட்டு வரி 13,200 டாலர். மிச்சம் எங்கே போயிற்று? சன்னிவேலில் வாடகைக்கு இருந்தவருக்கு இது புதுச் செலவு. அங்கேயே பழைய வீடு வைத்திருப்பவர் இன்னும் யோசிக்க வேண்டும். 1978ல் வந்த 13ஆம் முன்மொழிவின்படி, கலிஃபோர்னியாவில் வீட்டின் வரி மதிப்பு வாங்கிய விலையிலிருந்து தொடங்கி ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. விற்றுவிட்டுப் போய், பிடிக்காமல் திரும்பி வந்தால் இன்றைய விலைக்குத்தான் வரி.

ஆலங்கட்டி மழையையும் கணக்கில் சேருங்கள். டாலஸ் பக்கத்து வீட்டுக் காப்பீடுகளில் காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்கு உங்கள் பங்கை, காப்பீட்டுத் தொகையில் 1 அல்லது 2 சதவீதம் என்றுதான் பெரும்பாலும் போடுகிறார்கள். 5 லட்சத்துக்கு 2 சதவீதம் என்றால், கூரை போனால் முதல் 10 ஆயிரம் டாலர் உங்கள் கையிலிருந்து. இடத்துக்கு ஏற்பச் சம்பளத்தைக் குறைக்கும் கம்பெனிகளும் உண்டு. ஹெச்ஆரிடம் முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இத்தனைக்குப் பிறகும் மிச்சம் தெரிந்தால், குறிப்பாக வாடகைக்கே இருப்பதானால், தாராளமாகப் போகலாம்.

போவது என்று முடிவானால், எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு முதல் எச்சரிக்கை. வீட்டிலிருந்துதானே வேலை, எங்கே உட்கார்ந்து செய்தால் என்ன என்று கம்பெனிக்குக்கூடச் சொல்லாமல் மாநிலம் மாறுகிறவர்களைப் பார்க்கிறேன். வீட்டிலிருந்து வேலை செய்தால் அந்த வீடுதான் உங்கள் பணியிடம். உங்கள் மனுவோடு போன எல்சிஏ, அதாவது தொழிலாளர் துறை சான்றளித்த சம்பள விண்ணப்பம், குறிப்பிட்ட பெருநகர வட்டாரத்துக்கு மட்டுமே செல்லும். சான் ஹோசேயிலிருந்து டாலஸ் என்றால் புது எல்சிஏ வேண்டும்; அதோடு ஐ-129 படிவத்தில் திருத்திய மனுவும் வேண்டும். 2015 ஏப்ரலில் வந்த சிமியோ சொல்யூஷன்ஸ் தீர்ப்பு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மனுவைப் புது ஊரில் வேலை தொடங்குவதற்கு முன்பே கம்பெனி தாக்கல் செய்திருக்க வேண்டும். ஒப்புதல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, தாக்கல் ஆனால் போதும். எல்சிஏ சான்றுக்கு ஏழு வேலை நாட்கள் பிடிக்கும், பிறகு வக்கீல் மனு தயாரிக்க வேண்டும். லாரிக்கு முன்பணம் கட்டிவிட்டு ஹெச்ஆருக்கு மின்னஞ்சல் போட்டால் நடக்காது. குடிவரவுத் துறை தரும் ரசீது, ஐ-797, அதன் நகல் கையில் வந்த பிறகு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

கிரீன் கார்டு வரிசையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். கிரீன் கார்டுக்காகக் கம்பெனி தொழிலாளர் துறையிடம் போடும் பெர்ம் விண்ணப்பமும் ஊர் சார்ந்ததே. சான் ஹோசே வேலைக்காகப் போட்ட பெர்ம் டாலஸ் வேலைக்குப் பொருந்தாமல் போகலாம். திரும்ப முதலிலிருந்து தொடங்க நேரலாம். அதற்கு அடுத்த படியான ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் பெற்றவர்கள் பொதுவாகப் பழைய முன்னுரிமைத் தேதியைக் காப்பாற்றிக்கொள்ளலாம். பெர்ம் பாதியில் நிற்கிறதென்றால், அது முடியும்வரை இருந்த இடத்தில் இருப்பதுதான் புத்திசாலித்தனம். இதைக் கோவிலில் சந்தித்த நண்பரிடம் கேட்காதீர்கள். கம்பெனி வக்கீலிடம் கேளுங்கள், மின்னஞ்சலில் கேளுங்கள்.

போய்ச் சேர்ந்த பத்து நாளுக்குள் ஏஆர்-11 முகவரி மாற்றம். இணையத்தில் செய்யலாம், கட்டணம் இல்லை. வீட்டில் எத்தனை பேர் விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் தனித்தனியாக. தபால் நிலையத்தில் மாற்றினோமே என்று பதில் வருகிறது. அது வேறு, இது வேறு. மனைவியின் வேலை அனுமதி அட்டை பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிவிட்டது என்று புலம்புகிறவர்கள் எல்லாரும் தபால் நிலையத்தை மட்டும் நம்பியவர்கள்தான்.

இனி ஃபிரான்சைஸ் டாக்ஸ் போர்டு, அதாவது கலிஃபோர்னியாவின் வருமான வரித் துறை. நீங்கள் மறந்தாலும் இவர்கள் உங்களை மறக்க மாட்டார்கள். புது ஊரில் வாடகை வீடு பிடித்துவிட்டால் பழைய மாநிலம் விட்டுவிடும் என்பது பெரிய அறியாமை. அவர்கள் பார்ப்பது உங்கள் வாழ்க்கையின் மையம் எங்கே இருக்கிறது என்பதை. வீடு, மனைவி மக்கள், ஓட்டுநர் உரிமம், கார் பதிவு, வாக்காளர் பதிவு, வங்கி, மருத்துவர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எடை போடுவார்கள். ஓராண்டில் ஒன்பது மாதத்துக்கு மேல் கலிஃபோர்னியாவில் இருந்தால் குடியிருப்பாளர் என்றே அனுமானம். அவர்களுடைய 1031ஆம் எண் வெளியீட்டில் எல்லாம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் அபூர்வம்.

ஒரு உதாரணம். கலிஃபோர்னியாவில் சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு வரி மதிப்பில் 7 ஆயிரம் டாலர் கழிவு உண்டு. மிச்சமாவது ஆண்டுக்கு ஏறக்குறைய 70 டாலர். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு டெக்சாஸ் போகிறவர்கள் இந்தக் கழிவை ரத்து செய்ய மறந்துவிடுகிறார்கள். "இதுதான் என் குடியிருப்பு" என்ற உங்கள் வாக்குமூலம் கவுண்டி அலுவலகத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 70 டாலருக்காக உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்வதா? கிளம்பும்போதே கவுண்டி அசெசர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுங்கள்.

அடுத்தது ஆர்எஸ்யூ, கம்பெனி ஒதுக்கிவைத்துப் பிறகு கையில் தரும் பங்குகள். பங்குகள் கைக்கு வரும் நாளில் டெக்சாஸில் இருந்தால் கலிஃபோர்னியாவுக்கு வரி இல்லை என்று நம்புகிறவர்கள் ஏராளம். தவறு. பங்கு ஒதுக்கிய நாளிலிருந்து கைக்கு வரும் நாள்வரை நீங்கள் வேலை செய்த நாட்களில் எத்தனை நாள் கலிஃபோர்னியாவில் என்று பார்த்து, அந்த விகிதத்துக்கு வரி கேட்பார்கள். நான்கு ஆண்டில் மூன்று ஆண்டு சான் ஹோசேயில் இருந்திருந்தால், 1 லட்சம் டாலர் பங்கில் 75 ஆயிரம் கலிஃபோர்னியாவின் கணக்கு. முகவரி மாறியதும் கம்பெனி மாநில வரி பிடிப்பதை நிறுத்திவிட்டால், நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், கடிதம் வரும்வரை.

இதற்கு மருந்து 540என்ஆர் என்ற படிவம். மாறிய ஆண்டுக்கும், அதன்பின் கலிஃபோர்னியா வருமானம் ஒரு பகுதியாவது வருகிற ஒவ்வோர் ஆண்டுக்கும் அதைத் தாக்கல் செய்யுங்கள். தாக்கல் செய்தால், பொதுவாக நான்கு ஆண்டுக்குப் பிறகு அவர்களால் கிளற முடியாது. தாக்கலே செய்யாவிட்டால் காலக்கெடு என்பதே இல்லை. பத்து ஆண்டு கழித்தும் கேட்கலாம். திரும்பச் சொல்கிறேன்: தாக்கல் செய்யுங்கள். ஒதுக்கிய தேதி, கைக்கு வந்த தேதி, எந்த நாள் எந்த ஊரில் வேலை செய்தீர்கள் என்ற கணக்கு, விமான டிக்கெட், வாடகை ஒப்பந்தம், லாரி ரசீது எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். மீட்டிங்குக்கென்று சான் ஹோசே அலுவலகத்துக்குப் போகும் நாட்களின் சம்பளமும் கலிஃபோர்னியாவில் ஈட்டியதே. அதையும் குறித்துவையுங்கள்.

பள்ளி முடியட்டும் என்று மனைவியும் பிள்ளைகளும் ஜூன் வரை தங்க, கணவர் ஜனவரியிலேயே போவது நம் வீடுகளில் சகஜம். இதில் ஒளிந்திருக்கும் பொறியைப் பலர் கவனிப்பதில்லை. டெக்சாஸும் கலிஃபோர்னியாவும் தம்பதியின் சம்பாத்தியத்தை இருவருக்கும் பொதுவாகக் கருதும் மாநிலங்கள். அவர் டெக்சாஸில் சம்பாதிப்பதில் பாதி மனைவிக்குச் சொந்தம். மனைவி கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர். ஆகவே அந்தப் பாதிக்குக் கலிஃபோர்னியா வரி கேட்கும். முடிந்தால் குடும்பத்தோடு ஒரே சமயத்தில் நகருங்கள். முடியாவிட்டால் அந்த ஆறு மாத வரியையும் செலவில் சேர்த்துக்கொண்டு முடிவெடுங்கள். பிள்ளை பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு என்றால், அரசுக் கல்லூரிகளில் உள்ளூர் மாணவர் கட்டணத்துக்கு டெக்சாஸ் பொதுவாகப் பன்னிரண்டு மாதக் குடியிருப்பு கேட்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கலிஃபோர்னியாவில் வாடகை வீட்டைக் காலி செய்யும்போது புது முகவரியை எழுத்தில் கொடுங்கள். முன்பணத்தையோ, பிடித்தத்தின் விவரப் பட்டியலையோ 21 நாளுக்குள் அனுப்புவது வீட்டுக்காரர் கடமை. அனுப்பாவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. தனிநபர் 12,500 டாலர் வரை வக்கீல் இல்லாமலே கேட்கலாம்.

லாரிக்காரர் விஷயத்தில் நம்மவர்கள் காட்டும் அலட்சியத்துக்கு அளவில்லை. எவர் குறைவாகச் சொல்கிறாரோ அவரிடம் ஃபோனிலேயே முன்பணம். அவர் பல சமயம் லாரியே இல்லாத தரகர். சாமான் ஏறிய பிறகு விலை இரட்டிப்பாகும், கொடுக்காவிட்டால் இறக்க மாட்டோம் என்பார்கள். மாநிலம் தாண்டிச் சாமான் ஏற்றும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் யுஎஸ்டாட் எண் இருக்க வேண்டும். எஃப்எம்சிஎஸ்ஏ என்னும் மத்திய அமைப்பின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் லாரிக்காரரா தரகரா, எத்தனை புகார் என்று தெரிந்துவிடும். மதிப்பீடு எழுத்தில் வேண்டும். கட்டுப்படுத்தாத மதிப்பீடு என்றால் இறக்கும் இடத்தில் அதில் 110 சதவீதத்துக்கு மேல் கேட்க அவருக்கு உரிமை இல்லை. கட்டுப்படுத்தும் மதிப்பீடு என்றால் அந்தத் தொகைதான். இரண்டிலுமே, நீங்களாகப் பிறகு சேர்த்த வேலை தனி. மீறினால் அதே அமைப்பில் புகார் செய்யுங்கள்.

இழப்பீட்டுத் தாளை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முழு மதிப்புப் பாதுகாப்பை விட்டுக்கொடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு பவுண்டு எடைக்கு 60 சென்ட். தஞ்சாவூரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த 20 பவுண்டு வீணை உடைந்தால் கையில் வைப்பது 12 டாலர். சேதமென்றால் ஒன்பது மாதத்துக்குள் எழுத்தில் கோர வேண்டும். நகை, பாஸ்போர்ட், அசல் ஐ-797 எதுவும் லாரியில் ஏறக்கூடாது.

டெக்சாஸ் போனதும் கார் பதிவுக்கு 30 நாள், ஓட்டுநர் உரிமத்துக்கு 90 நாள். முதலில் காரைப் பதிவு செய்து, கையோடு உரிமத்தையும் எடுங்கள். வீடு வாங்கினால், ஹோம்ஸ்டெட் எனும் சொந்த வீட்டு வரிச் சலுகை விண்ணப்பத்தில் உரிமத்தின் முகவரியும் வீட்டு முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். படிவ எண் 50-114. பள்ளி வரிக்கான மதிப்பில் 1 லட்சத்து 40 ஆயிரம் டாலர் கழியும். கொடுக்க வேண்டிய இடம் உங்கள் கவுண்டியின் மதிப்பீட்டு அலுவலகம். ஃப்ரிஸ்கோ ஊரே காலின், டென்டன் என்று இரண்டு கவுண்டிகளில் கிடக்கிறது, எதில் உங்கள் வீடு என்று பாருங்கள். கட்டணம் ஒரு காசு இல்லை. அரசு முத்திரை போல எதையோ அச்சடித்து, பணம் அனுப்பினால் பதிவு செய்து தருகிறோம் என்று வரும் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள்.

புதிதாகக் கட்டிய வீடு வாங்கியவர்கள் இன்னும் கவனம். டெக்சாஸில் வரி மதிப்பு ஜனவரி 1 நிலவரப்படி. அன்று அது வெறும் மனையாக இருந்திருந்தால் முதல் ஆண்டு வரி மனைக்கு மட்டும்; வங்கியும் அதை வைத்தே மாதத் தவணையைப் போட்டிருக்கலாம். மறு ஆண்டு முழு வீட்டுக்கும் வரி வரும்போது வரிக்கென வங்கி பிடித்துவைக்கும் எஸ்க்ரோ கணக்கில் பற்றாக்குறை என்று தவணை மாதம் பல நூறு டாலர் எகிறும். முதல் ஆண்டிலேயே முழு விலைக்கு வரி போட்டுப் பார்த்து, வித்தியாசத்தைத் தனியே எடுத்து வையுங்கள். வசந்த காலத்தில் மதிப்பீட்டு நோட்டீஸ் வரும். மதிப்பு அதிகமென்று தோன்றினால் மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பியதிலிருந்து 30 நாள், எது பிந்தியதோ அதற்குள் ஆட்சேபம் பதிவு செய்ய வேண்டும். 50-132 படிவம் போதும்; பல கவுண்டிகளில் இணையத்திலேயே முடியும். பக்கத்துத் தெருவில் அதே அளவு வீடு என்ன விலைக்குப் போனது என்ற விவரமும், சுவரில் விரிசலோ கூரையில் சேதமோ இருந்தால் அதன் படங்களும் எடுத்துக்கொண்டு போங்கள். கெடு தாண்டினால் பொதுவாக அந்த ஆண்டு வாய்ப்புப் போனதுதான்.