வெண்ணெய்ப் பழம் பருப்பது எவ்வாறு?

பெங்களூரில் குடியேறி வாழும் நம் குடும்பத்தினருக்கு ‘பட்டர் புரூட்’ எனப்படும் வெண்ணெய்ப் பழம் புதிதன்று. குடகிலிருந்து மூட்டை மூட்டையாக வந்திறங்கும் அக்கனியைப் பாலும் சர்க்கரையும் கூட்டிப் பருகாத குழந்தை இங்கு அரிது. தமிழ்நாட்டிலும் கொடைக்கானலின் கீழ்மலைப் பகுதிகளில் அது நன்கு விளைகிறது.

அதனைப் பற்றி நான் ஆராயப் புகுந்தது ஒரு வீட்டு வழக்கினால். எங்கள் ரயில்வே குடியிருப்பின் கொல்லையில், எமக்கு முன் இருந்தோர் கொட்டை ஊன்றி வளர்த்த மரம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் கொத்துக் கொத்தாகப் பூக்கும். காய்ப்பதோ பத்துப் பன்னிரண்டு. அவையும் எலுமிச்சையினும் சற்றே பெரியனவாகும்போதே சிறுவர் கைப்பட்டு ஒழியும். “இதை வெட்டிவிட்டு முருங்கை வைப்போம்” என்றாள் என் மனைவி. இலாகா மரத்தை வெட்ட அனுமதி பெற வேண்டுமே என்று கூறித் தவணை வாங்கிக்கொண்டு, நூல்களைப் புரட்டலானேன்.

பூ உதிர்வதில் குற்றம் ஏதும் இல்லை. வளர்ந்த மரம் ஒரு பருவத்தில் பத்து லட்சம் பூக்கள் வரை பூக்கும். ஆயிரத்தில் ஒன்றேனும் காயாக நிலைப்பதில்லை. இப்பூவின் ஒழுக்கமும் விந்தையானது. ஒவ்வொரு பூவும் இருமுறை மலரும். முதன்முறை பெண்ணாக, மறுநாள் ஆணாக. ஒருசார் மரங்களில் காலையில் பெண்ணாக மலர்ந்த பூ மறுநாள் பிற்பகலில் ஆணாக மலரும். மற்றொருசார் மரங்களில் பிற்பகலில் பெண். மறுநாட் காலையில் ஆண். ஆகவே இருசார் மரங்களும் அருகருகே இருப்பின், ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகள் ஒரு நிலையத்திற் சந்திப்பதுபோல் மகரந்தம் உரிய நேரத்திற் கிட்டும். தேனீ இருந்தாற் போதும். தனிமரமும் காய்ப்பதுண்டு, ஆனால் குறைவே.

இனி, பருமன். ஆப்பிள் போன்ற கனிகளில், பிஞ்சு தோன்றிய சில வாரங்களில் உயிரணுக்கள் பெருகுவது நின்றுவிடும். பின்னர் இருப்பவையே பருக்கும். வெண்ணெய்ப் பழமோ மரத்தில் தொங்கும் நாளெல்லாம் புதிய உயிரணுக்களைப் படைத்துக்கொண்டே இருக்கும். ஒரே மரத்துப் பெரிய காயையும் சிறிய காயையும் ஒப்பிடின், உயிரணுவின் அளவில் வேற்றுமை மிகுதியில்லை; எண்ணிக்கையிலேதான் வேற்றுமை. அப்பெருக்கத்தை நடத்துவது விதை. விதையைச் சூழ்ந்த தோல் உயிரோடிருக்கும் வரை காய் வளரும். அது முன்கூட்டியே வாடினால் வளர்ச்சி தளரும். விதை இளமையிலேயே அழிந்த காய்கள் விரலளவில் நின்றுவிடுவதைத் தோட்டங்களிற் காணலாம்.

குலவழக்கும் உண்டு. மேற்கிந்திய இனத்துப் பழம் ஒரு கிலோகூட நிறுக்கும்; மெக்சிகோ இனத்துப் பழம் சிறியது. உலகெங்கும் விற்கும் ‘ஹாஸ்’ வகை பெரும்பாலும் 200 முதல் 300 கிராம். கலிபோர்னியாவில் ருடால்ப் ஹாஸ் என்னும் தபால்காரர் ஊன்றிய விதையில் தற்செயலாகத் தோன்றியது அது. 1935-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அத்தாய் மரம் 2002-இல் பட்டுப்போயிற்று. நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர் ஒருவரின் தோட்டத்து மரம்!

கொட்டையிலிருந்து எழும் கன்று தாயை ஒத்திராது. ஆதலின் விரும்பிய வகைக்கு ஒட்டுக் கன்றே தக்கது. கிளையில் காய்கள் நெருங்கினாலும், கோடையில் நீர் குறைந்தாலும் பருமன் குன்றும். இதன் வேர்கள் மேல்மண்ணிலேயே படர்வன. வறட்சி உடனே தாக்கும், நீர் தேங்கினாலோ வேர் அழுகும்.

இன்னொன்று: இக்காய் மரத்தில் கனிவதில்லை, முற்றியபின் பறித்து வைத்தால்தான் சில நாட்களிற் குழையும். பிஞ்சிற் பறித்தாலோ கனியாது, சுருங்கி ரப்பர்போலாகிவிடும். எங்கள் சிறுவர் தூக்கியெறிந்தவை எல்லாம் அத்தகையனவே.

சென்ற பருவத்தில் மரத்தடியில் சருகு பரப்பிக் கோடையில் நீர் விட்டோம். எட்டாத கிளையில் மூன்று காய்கள் மாதக்கணக்கில் தப்பித் தொங்கின. பறித்து அரிசிப் பானையில் இட்டுவைத்த ஒன்று, தராசில் 300 கிராம் நின்றது. என் மனைவியிடம் மேலும் ஓராண்டுத் தவணை கிடைத்திருக்கிறது.