ஒடிந்த எலும்பை ஒட்டவைப்பது யார்?

மனித உடம்பில் எத்தனை எலும்பு? கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியில் படிப்பவர்களுக்கு இந்தக் கேள்விக்கு இரண்டு விடை தெரிந்திருக்க வேண்டும். பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை சொல்வது 300. இன்றைய உடற்கூறியல் சொல்வது 206. சுசுருதர் கணக்கில் கோட்டைவிட்டார் என்று சிரிக்க வேண்டாம். பல்லையும் குருத்தெலும்பையும் சேர்த்து எண்ணியவர் அவர். பிறந்த குழந்தைக்கும் ஏறக்குறைய 300 துண்டுகள் உண்டு. வளர வளரப் பல ஒன்றாகிவிடுகின்றன. அந்த 206-லும் 106, கைகளிலும் பாதங்களிலும்தான்.

எலும்பு என்றதும் சுடுகாடு நினைவுக்கு வருவதால், அதைச் செத்த பொருளாகவே எண்ணிப் பழகிவிட்டோம். குழம்பில் மிஞ்சிய கோழிக்கால் எலும்பு ஒன்றைக் கழுவி, வினிகரில் சில நாள் ஊறப்போடுங்கள். ரப்பர் மாதிரி வளையும். சுண்ணாம்புச் சத்து கரைந்துபோய், கொலாஜன் என்னும் புரத நார் மட்டும் நிற்கிறது. இன்னொன்றை அடுப்பில் சுட்டால் நார் எரிந்து, தொட்டதும் நொறுங்கும். உறுதிக்கு ஒன்று, முறியாமல் தாங்க மற்றொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் எலும்பு. உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் இங்கேதான் இருக்கிறது. ரத்த அணுக்கள் பிறப்பதும் இதன் மஜ்ஜையில்தான். அது செத்த பொருளும் அல்ல: பழைய எலும்பை அரிக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்வதால், ஆண்டுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு எலும்பு புதுப்பிக்கப்படுகிறது.

குமரி மாவட்டத்தில் கை ஒடிந்தால் வர்ம மருத்துவம் செய்யும் ஆசானிடம் போவது இன்றும் உண்டு. மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். மூங்கில், ஆல், அரசு இவற்றின் பட்டையை வைத்துக் கட்டச் சொல்கிறார் சுசுருதரும். ஆனால் தோலின் மேல் பூசும் எந்தப் பற்றும் எலும்பை ஒட்டாது, மாவுக்கட்டும் ஒட்டாது. முறிந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. இரண்டு மூன்று வாரத்தில் அங்கே குருத்தெலும்பாலான பாலம் ஒன்று உருவாகி, பிறகு சுண்ணாம்பேறி இறுகுகிறது. மேடுபள்ளத்தைச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூட ஆகும். எலும்பு தன்னைத்தானே ஒட்டிக்கொள்கிறது. முனைகளை நேராக நிறுத்தி அசையாமல் வைப்பதே கட்டின் வேலை. அது சின்ன வேலையில்லை. கோணலாக நிறுத்தினால் கோணலாகவே கூடிவிடும். எக்ஸ்ரே பார்க்காமல் கட்டக் கூடாது என்பது அதனால்தான்.

யார் கட்டினாலும் ஒன்றைக் கவனியுங்கள். கட்டுக்குக் கீழே விரல் நீலம் பாய்ந்தாலோ, சில்லிட்டாலோ, மரத்துப்போனாலோ, வலி தாங்கமுடியாமல் ஏறினாலோ கட்டு இறுக்கம். ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கும். விடியட்டும் என்று காத்திருக்காமல் கட்டைத் தளர்த்தி, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தாலும், வயதானவர் விழுந்து இடுப்பு ஒடிந்திருந்தாலும் முதலில் போகவேண்டிய இடமும் அதுவே.