ஐம்பதுக்கு மேல் ஓடுகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன்

2023 ஜூலை 23, ஞாயிற்றுக்கிழமை. மதுரையில் ரத்ததான விழிப்புணர்வுக்காக நடந்த மாரத்தானில் ஓடி முடித்த 20 வயதுப் பொறியியல் மாணவர் ஒருவர், அதன்பின் உடல்நலம் குன்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லப்பட்டு அன்றே இறந்துபோனார். இப்படி ஒரு செய்தி வந்தால் வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது அப்பாவின் ஓட்டம்தான். “இருபது வயசுப் பையனுக்கே இப்படின்னா, உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் ஷூவைக் கழற்றி வைத்தவர்கள் உண்டு. அவர்கள் திரும்ப வந்து ஓட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஆனால் வரும்போது சில விஷயங்களைக் கேட்டு வாங்கும் உரிமையோடு வர வேண்டும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 1984-ல் தொடங்கி, ஐம்பதைத் தாண்டிய ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் இருபது ஆண்டுகளுக்கு மேல் கவனித்து வந்தார்கள். 19 ஆண்டுகள் கழிந்தபோது ஓடாதவர்களில் 34 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். ஓடியவர்களில் 15 சதவீதம். எழுந்து நடக்கவும் உடுத்தவும் அடுத்தவர் கையை எதிர்பார்க்கும் நிலையும் ஓடியவர்களுக்குப் பல ஆண்டுகள் தள்ளியே வந்தது. முழங்கால் தேய்ந்துவிடும் என்பார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான கணக்கில், உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களிடம் இடுப்பு, முழங்கால் தேய்மானம் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களிடம் 10.2 சதவீதம். போட்டிக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களிடம் மட்டும் 13.3. நம் மாநிலத்திலேயே, சர்க்கரை நோயும் 2004 விபத்தின் காயமும் உள்ள சென்னையின் முன்னாள் மேயர் மா. சுப்பிரமணியன், 2021-ல் சுகாதார அமைச்சரானவர், நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடியிருக்கிறார்.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. 2000 முதல் 2010 வரை அமெரிக்க மாரத்தான்களிலும் அரை மாரத்தான்களிலும் ஓடிய ஒரு கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்கு இதயம் நின்றுபோனது. அவர்களில் 42 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று பார்த்தபோது, பக்கத்தில் இருந்தவர் அந்த நிமிடமே நெஞ்சை அழுத்தத் தொடங்கியது முக்கியக் காரணமாகத் தெரிந்தது. நடு நெஞ்சில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குலம் இறங்கும்படி அழுத்த வேண்டும். 108 ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் தெப்பக்குளத்தைச் சுற்றியும் தினமும் ஒன்றாக ஓடும் குழுவில் இது தெரிந்தவர் இரண்டு பேராவது இருந்தாக வேண்டும். விலை உயர்ந்த ஷூவை விட இது அவசியம்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, உடம்பு சொல்வதைக் கேட்பது. நெஞ்சு அடைத்தால் “வாயுப் பிடிப்பு” என்று சோடா வாங்கிக் குடிக்கும் பழக்கம் நம்மை விட்டு இன்னும் போகவில்லை. ஓடும்போது வந்து, நின்றதும் குறையும் நெஞ்சு இறுக்கம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத மயக்கம், வழக்கமான தூரத்துக்கே மூச்சு வாங்குவது - இவற்றில் எது வந்தாலும் அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவும் குமட்டலாகவும் மாரடைப்பு வரலாம். மேலூர், திருமங்கலம் பக்கம் கிராமத்தில் இருப்பவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டப்படி, மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவருக்கு முதலில் கொடுக்கும் 14 மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் உண்டு. மதுரைக்கு வண்டி பிடிக்கும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

ஐம்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்குகிறவர் பிரஷர், சுகர், கொழுப்பு, ஈ.சி.ஜி. பார்த்துவிட்டு, மருத்துவர் சொன்னால் ட்ரெட்மில் பரிசோதனையும் செய்துகொண்டு, முதல் சில வாரங்கள் நடையும் மெல்லோட்டமுமாகக் கலந்து போகலாம். வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும். வயது ஏற ஏறக் கரைவது தசைதான்.

மதுரையின் வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சித்திரை, வைகாசியில் காலை ஏழரைக்கே சாலை கொதிக்கத் தொடங்கிவிடும். ஓடுகிறவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு அனலாக இருந்தாலோ அது வெப்பத் தாக்கு. ஆம்புலன்ஸுக்காகச் சும்மா காத்திருக்காமல், நிழலில் கிடத்தி, ஐஸும் தண்ணீரும் கிடைக்கிற அளவு உடம்பில் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். அதே நேரத்தில் தாகமே இல்லாமல் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிப்பதும் ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து உயிருக்கு ஆபத்தாகும். தாகத்துக்கு ஏற்பக் குடித்தால் போதும்.

இனி, நாம் கையெழுத்துப் போடும் அந்தப் படிவம். பணம் கட்டிப் பெயர் பதியும்போது “என் சொந்தப் பொறுப்பில் ஓடுகிறேன், எது நடந்தாலும் அமைப்பாளர்கள் பொறுப்பல்ல” என்ற வரிக்கு எல்லோரும் படிக்காமலே டிக் அடிக்கிறோம். கால் சுளுக்கு, களைப்பு போல ஓட்டத்தோடு ஒட்டிப் பிறந்த இடர்களை அதன் மூலம் நாம் ஏற்கிறோம். ஆம்புலன்ஸ் நிறுத்தாதது, தண்ணீர்ப் பந்தலைப் பாதியில் மூடியது, ஓடும் பாதையில் லாரியை விட்டது ஆகியவை அமைப்பாளரின் கவனக்குறைவு. ஒரு டிக் அவற்றை மூடி மறைத்துவிடாது. கட்டணம் வாங்கி நடத்துவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி சேவை. சேவையில் குறை இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் ஆணையத்துக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. 1915 என்ற எண்ணில் வழி கேட்கலாம். பணம் கட்டிய ரசீது, மார்பில் குத்திக்கொள்ளும் பிப் எண், விளம்பரத்தில் கொடுத்த வாக்குறுதிகளின் படம், சிகிச்சைச் சீட்டு இவற்றைத் தூக்கிப் போடாதீர்கள்.

பதியும் முன்பே கேட்டுவிடுவது இன்னும் நல்லது. எத்தனை ஆம்புலன்ஸ்? இதய அதிர்வுக் கருவி இருக்கிறதா? எந்த ஆஸ்பத்திரியோடு ஏற்பாடு? ஓட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கும்? பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் கட்டணம் கட்ட வேண்டாம். பிப்பின் பின்பக்கம் வீட்டு எண்ணையும், ரத்த வகையையும், சாப்பிடும் மாத்திரையையும் எழுதிவிடுங்கள். காப்பீட்டுப் பாலிசிகளில் விலக்கப்படும் ‘சாகச விளையாட்டு’ மலையேற்றம், ஸ்கைடைவிங் போன்றவற்றைத் தொழிலாகச் செய்வதைக் குறிப்பது. ஞாயிற்றுக்கிழமை ஓடியதைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

ஓடும் வழியில் நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். அரசு மருத்துவமனையில் தடுப்பூசி இலவசம். ஒரு ஊசியோடு நிறுத்தாமல் சொன்ன தேதிகளில் எல்லாம் போட வேண்டும்.

கடைசியாக, சாலை. பஞ்சாபைச் சேர்ந்த ஃபௌஜா சிங் 89 வயதில் மாரத்தான்களுக்கு வந்து, 2011-ல் நூறு வயதில் டொரண்டோ மாரத்தானை ஓடி முடித்தார். 2025 ஜூலை 14 அன்று 114 வயதில் அவர் உயிரைப் பறித்தது, தன் ஊருக்குப் பக்கத்தில் சாலையைக் கடந்தபோது மோதிவிட்டு நிற்காமல் போன வாகனம். அழகர்கோவில் சாலையிலும் சுற்றுச்சாலையிலும் இருட்டோடு ஓடுகிறவர்கள், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக ஓட வேண்டும். ஒளி திருப்பும் பட்டை அணிய வேண்டும். அடிபட்டால் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், அரசு நிர்ணயித்த வரம்புக்குள், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தூக்கிக்கொண்டு வந்தவரைப் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு இடம் தரவில்லை. மோதிய வண்டி தெரிந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். சட்டம் சொல்லும் கெடு ஆறு மாதம். வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் 2022-ன் மத்திய அரசுத் திட்டப்படி இறப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. அதற்கான விண்ணப்பத்தை, எஃப்.ஐ.ஆர். நகலோடும் மருத்துவச் சான்றோடும், வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.