கோடையில் மரக்கன்றுக்கு இரண்டு மண்பானை

சித்திரை பிறந்தால் தேசூர், தெள்ளாறு வட்டாரக் கிணறுகளில் நீர் கீழே இறங்கிவிடுகிறது. மணிலாவுக்கும் மாடுகளுக்கும் போக மிஞ்சியதுதான் மாங்கன்றுக்கு. அந்தக் கொஞ்ச நீரையும் பலர் தண்டின் அடியில் ஊற்றுகிறார்கள். நீரை உறிஞ்சும் இளவேர்கள் அங்கே அதிகம் இல்லை. இலைகள் விரிந்து நிற்கும் ஓரத்துக்கு நேர் கீழேதான் அவை இருக்கும். மேலாக ஊற்றிய நீரில் பெரும்பகுதியை வெயிலே குடித்துவிடுகிறது.

இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. சீன நாட்டில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் ஃபான் ஷெங்ஜி எழுதிய வேளாண் நூலிலேயே மண்பானைப் பாசனம் சொல்லப்பட்டிருக்கிறது. கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, இருபுறமும் 8 லிட்டர் பானை ஒவ்வொன்றைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி வாயை மூடவும். சுற்றியுள்ள மண் காய்ந்தால் பானையிலிருந்து நீரை இழுக்கும். ஈரமானால் கசிவு தானே குறையும். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மாங்கன்றுகள் என்றால் ஒருமுறை நிரப்ப 1,120 லிட்டர் போதும். குச்சி விட்டுப் பார்த்து, நீர் குறைந்தபின் மீண்டும் நிரப்பவும்.

பானைக்கு வண்ணமோ மெருகோ பூசியிருக்கக் கூடாது. வாங்கியதும் நீர் ஊற்றி வையுங்கள். மறுநாள் வெளிப்புறம் வியர்த்திருந்தால் நல்ல பானை. உவர்நீர் விட்டால் நாளடைவில் கண்கள் அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது மூடாக்கு. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு தோட்டத்தில் வைக்கோலைத் தண்டோடு சேர்த்துக் குவிக்கச் சொன்னேன். கரையான் ஏறி 12 கன்றுகள் பட்டுப்போயின. அந்த விவசாயி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. ஆகவே தண்டைச் சுற்றி அரை அடி வெறுமனே விட்டு, அதற்கு அப்பால் சருகையும் மணிலாத் தோலையும் நான்கு விரற்கடை உயரம் பரப்பவும். கரையான் உள்ள நிலத்தில் வேப்பம் புண்ணாக்கைக் கலப்பது ஓரளவு தடுக்கும்.

தென்னைக்கு 1.8 மீட்டர் ஆர வட்டப் பாத்தியில் 100 மட்டைகளைப் பரப்பலாம். மேலே பரப்பும்போது மட்டையின் முதுகு வானம் பார்க்க வேண்டும்; மழைக்கு முன் மண்ணில் புதைப்பதானால் குழிவான பக்கம் மேலே இருக்கவேண்டும். அப்போதுதான் ஒவ்வொன்றும் கிண்ணம்போல் நீரைப் பிடித்துவைக்கும்.

மணற்பாங்கான செம்மண்ணுக்கு ஏரி வண்டல் நல்ல மருந்து. ஏரி வற்றிக் கிடக்கும் இந்த மாதங்களிலேயே வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி பெற்று அடித்துவிடுங்கள். களர் ஏறிய ஏரி மண்ணை மட்டும் தொடவேண்டாம். ஐயமிருந்தால் மண் பரிசோதனைக்கு அனுப்பவும்.

ஆடியில் மழை விழுந்ததும் மரவரிசைகளுக்கு இடையே கொளுஞ்சி விதைக்கலாம். வறட்சியைத் தாங்கும், பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் நல்ல பசுந்தாள் உரம். விதைத்தோல் கடினமானது. மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைக்காவிட்டால் பாதி விதை முளைக்காமல் மண்ணிலேயே கிடக்கும்.