தூக்குக்குண்டும் இமயப் பர்வதமும்

1802-ஆம் ஆண்டில், சென்னையை அடுத்த பரங்கிமலையின் அருகே வில்லியம் லாம்ப்டன் என்பவர் எஃகுச் சங்கிலியால் அடிக்கோடு ஒன்றை அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வளர்த்துச் சென்ற பூமி அளவை, அவர் காலமான பின்னர் எவரெஸ்ட் என்பவரின் தலைமையில் வடக்கே இமயத்தை அணுகியபோது, ஒரு விசித்திரம் எதிர்ப்பட்டது. கல்யாணா, கல்யாண்பூர் என்னும் இரண்டு ஸ்தலங்களின் அட்சரேகை வித்தியாசத்துக்கு நக்ஷத்திரங்கள் ஒரு விடையும் நில அளவை வேறொரு விடையும் தந்தன. பேதம் என்னவோ 5 விகலைக்குச் சற்று அதிகம், தரையில் ஏறத்தாழ 160 மீட்டர்தான். ஆயினும் கணித சாஸ்திரத்தில் அற்பம் என்பது ஏது?

நக்ஷத்திர அளவைக்குச் செங்குத்துத் திசையைக் காட்டும் தூக்குக்குண்டைப் பர்வதத்தின் ஆகர்ஷணம் தன்பால் இழுத்திருக்கும் என்று கருதிக் கணக்கிட்ட கல்கத்தாப் பாதிரியார் பிராட், அவ்வளவு பெரிய மலைத்திரள் குண்டை மும்மடங்கு இழுத்திருக்க வேண்டுமே என்று கண்டார். 1855-இல் இங்கிலாந்தின் வான நூலறிஞர் ஜார்ஜ் ஏய்ரி, நீரில் மிதக்கும் மரக்கட்டைகளுள் அதிகம் உயர்ந்து நிற்பதே அதிகம் ஆழ்ந்தும் கிடப்பதுபோல, மலைகளுக்கு அடியிலும் கனம் குறைந்த பாறை வேர்போல் இறங்கியிருப்பதால்தான் ஆகர்ஷணம் குறைகிறது என்று விளக்கினார். பிராட் இதை ஏற்கவில்லை; வேர் எதுவுமின்றி, மலைக்கடியிலுள்ள பாறையே அடர்த்தி குறைந்தது என்பது அவர் கட்சி.