பாட்டிலுக்குள் பாகூர் மண்

'மண் எத்தனை வகைப்படும்?' என்று கேட்டால் நான்காம் வகுப்புப் பிள்ளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். 'உங்க வயல்ல இருக்கிறது எந்த மண்?' என்று கேட்டுப் பாருங்கள், முழிக்கும். பிள்ளையைச் சொல்லி என்ன பயன்? மண்ணைத் தொட்டாலே 'போய்க் கையைக் கழுவு' என்று விரட்டுவது பெரியவர்கள்தானே!

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் பாகூர். தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வந்து வயல்களுக்குப் பாய்கிறது. வில்லியனூருக்குக் களிமண்தான் பெருமை. அவ்வூர்ச் சுடுமண் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. சுடுமண் கலைஞர் வி.கே.முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இந்த ஊர்ப் பிள்ளைகள் மண்ணைப் படத்தில் பார்த்துப் படிப்பதுதான் வேடிக்கை.

ஒரு கண்ணாடி பாட்டில் போதும். கல், வேர் பொறுக்கிய வயல் மண்ணை மூன்றில் ஒரு பங்கு போட்டு, கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை சோப்புத்தூள் சேர்க்க வேண்டும். ஒட்டியிருக்கும் துகள்கள் பிரியத்தான் சோப்பு. நன்றாகக் குலுக்கி ஜன்னலோரம் வைத்துவிட்டு அசைக்கக் கூடாது. பிள்ளைகளுக்குக் கஷ்டமே அதுதான்! ஓரிரு நிமிடங்களில் மணல் அடியில் படியும். சில மணி நேரத்தில் வண்டல். களித்துகளோ 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது; மறுநாளும் தண்ணீர் கலங்கியே இருக்கலாம். தெளிந்ததும் அடுக்குகளை ஸ்கேலால் அளந்தால் கணக்குப் பாடமும் ஆயிற்று.

இதைவிட சுவாரசியம் இன்னொன்று. அறுவடை முடிந்த வயலில் ஒரு காய்ந்த மண்கட்டி, அதே வயலின் வேலியோர மரத்தடியில் ஒன்று. இரண்டையும் இரண்டு டம்ளர் தண்ணீரில் மெல்ல இறக்க வேண்டும். எது முதலில் கரையும் என்று பிள்ளைகள் முன்கூட்டியே எழுதிவைக்கட்டும். பெரும்பாலும் மக்கு குறைந்த கட்டி சீக்கிரம் உதிர்ந்துவிடும். இலைமக்கும் வேரும் பிணைத்த கட்டி தாக்குப்பிடிக்கும். ஏன் என்று டீச்சர் உடனே சொல்லிவிடக் கூடாது. மண்புழுவா, எருவா, உழவா? 'அதை எப்படிச் சோதிக்கலாம்?' என்று திருப்பிக் கேட்கலாம். எதிர்பார்த்ததற்கு மாறாக நடந்தால் அதையும் அப்படியே எழுத வேண்டும்.

வீட்டில் மண்வள அட்டை இருந்தால் அதையும் எடுத்துக் கொடுங்கள். 2015-ல் தொடங்கிய திட்டம். கார அமில நிலை, உப்பு, கரிமச்சத்து என 12 விவரங்கள் அதில் இருக்கும். டம்ளரில் கரைந்த கட்டிக்கும் கரிமச்சத்து எண்ணுக்கும் உள்ள உறவைப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்துவிடும். ஆனால், தழை, மணி, சாம்பல் சத்துகளைப் பாட்டில் சொல்லாது. அதற்கு ஆய்வகம்தான், குருமாம்பேட்டில் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மேல்மண் உருவாக 1,000 ஆண்டுகள்வரை ஆகலாம் என்கிறது ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம். கிராவல் கொட்டி மனையாக்க ஒரு வாரம் போதும்.

எந்த வயல், எந்தத் தேதி என்று நோட்டில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த அறுவடைக்குப் பிறகு அதே இடத்தில் இன்னொரு கட்டி எடுத்துப் பார்க்கலாம், அந்த இடம் அப்போதும் வயலாக இருந்தால்.